உறங்கியவர் படத்துக்கு ஒரு திருத்தம்

டெல்லிச் செய்தி அறைகளில் குளிர்காலம் தொடங்கியதும் ஒரு படம் வரும். அரசு ஊழியர் ஒருவர் அலுவலகப் புல்வெளியில் வெயிலில் படுத்துத் தூங்குவார். அல்லது நான்கு பேர் வேர்க்கடலை உரித்துக்கொண்டு சீட்டாடுவார்கள். நாடாளுமன்றம் கூடாமல், பெரிய விபத்தும் நடக்காமல், பக்கத்தில் இரண்டு பத்தி அகலத்துக்கு இடம் காலியாகக் கிடக்கும் நாளில் அந்தப் படம் அங்கே போய் உட்காரும். யாரும் அதைத் திட்டமிடுவதில்லை. சந்தைக்குப் புதுப் பட்டாணி வருவதுபோல அதுவும் வரும். வாசகர்களுக்கும் அது பிடிக்கும். ஏதோ ஒரு கவுண்டரில் கால் கடுக்க நின்ற அனுபவம் எல்லோருக்கும் உண்டு.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னபோது தேர்தல்களைப் பற்றியும் கலவரங்களைப் பற்றியும் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தச் செய்திகளில் பத்துப் பேர் கூடி முடிவெடுப்பார்கள். தவறினால் பத்துப் பேருக்கும் பங்கு உண்டு. இரண்டு பத்திப் படத்தில்தான் ஒருவர் தனியாக முடிவெடுக்க நேரும். எனக்கு அப்படி நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

புத்தாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் ஓர் ஆங்கில நாளிதழின் டெல்லிப் பதிப்பில் மருத்துவச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நவம்பரில் எங்கள் நகரப் பக்கத்தில் வழக்கமான படம் வந்தது. இடம் மட்டும் வேறு. புல்வெளிக்குப் பதில் ஓய்வூதிய அலுவலகம் ஒன்றின் கவுண்டர். ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுக்கொரு முறை நேரில் போய்த் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கும் மாதம் அது. கண்ணாடித் தடுப்புக்கு இப்புறம் குரங்குக் குல்லாவும் சால்வையுமாக முதியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அப்புறம் நாற்பதைத் தாண்டிய ஓர் ஊழியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்குகிறார். மோவாய் நெஞ்சில் சாய்ந்திருக்கிறது. விரல்களுக்கிடையே பேனா. படத்துக்குக் கீழே, பெரியவர்கள் காத்திருக்க பாபு, அதாவது அரசு எழுத்தர், உறங்குகிறார் என்ற பொருளில் ஒரு வரி.

படம் வந்த மறுநாளே அவரைப் பணி இடைநீக்கம் செய்துவிட்டார்கள். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் ஒரு சிறு செய்தியாகப் போட்டிருப்போம்.

எனக்குத் தெரிந்தது அவருடைய மனைவி வந்த பிறகுதான். பெயர் செல்வி. ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இட்லி அரிசி வாங்கும் கடையில், அந்தப் பத்திரிகையில் ஒரு தமிழ் அம்மா வேலை பார்க்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்து என் பெயரைக் கேட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் பெயர் கணபதி என்றும், விசாரணை வைக்கப்போகிறார்கள் என்றும், வேலை போனால் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸும் போய்விடும் என்றும் சொன்னார். அழவில்லை. படம் வந்த பக்கத்தை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"இத நீங்க திருப்பி வாங்கிக்கிடணும் அக்கா" என்றார்.

அச்சான படத்தை எப்படித் திருப்பி வாங்குவது என்று நான் கேட்கவில்லை. அவர் தூங்கியது உண்மையா என்று மட்டும் கேட்டேன். எங்கள் தொழிலில் முதல் கேள்வி அதுதான்.

"உண்மதான். ஆனா அவுக சோம்பேறி இல்லக்கா. காலைல நான் எந்திரிக்கதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, பைப்புல தண்ணி நிக்கதுக்குள்ள எல்லாத்துலயும் புடிச்சு வச்சிருவாவ. அதுக்கப்புறம் பகல்ல எப்ப வேணும்னாலும் அது வரும். வந்து அவுகள இழுத்துட்டுப் போயிரும்."

மாடிக்குப் போய்ச் செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். கண்டிப்பான மனிதர். என் எழுத்தில் இன்று நேராக இருப்பதெல்லாம் அவர் நிமிர்த்தியவை. அவர் ஒரே கேள்வி கேட்டார். அந்த ஆள் தூங்கினாரா? தூங்கினார் என்றேன். அப்படியானால் திருத்த என்ன இருக்கிறது என்றார். இறங்கி வந்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சரோஜினி நகருக்குப் போனேன்.

கணபதி நான் நினைத்ததைவிட உயரமானவர். வெட்கப்பட்டவராகத் தெரியவில்லை. களைத்தவராகத் தெரிந்தார். பதினெட்டு, இருபது வயதில் தொடங்கியது என்றார். பள்ளி நாட்களில் இல்லை. பேருந்தில், கல்யாண வீட்டில், மேலதிகாரி முன்னால் என்று எங்கும் வந்திருக்கிறது. கால் மணி தூங்கினால் தெளிந்துவிடும். பிறகு இரண்டு மூன்று மணி நேரம் யாரைவிடவும் சுறுசுறுப்பாக வேலை செய்ய முடியும். படம் எடுத்த நாளைப் பற்றிக் கேட்டபோது மட்டும் குரல் இறங்கியது.

"எனக்குக் கேட்டுச்சு மேடம். கேமரா சத்தம் கேட்டுச்சு. யாரோ 'சோ ரஹா ஹை', தூங்குறான்னு சொல்லிச் சிரிச்சாங்க. அதும் கேட்டுச்சு. கண்ணத் தொறக்கணும்னு நெனைக்கேன். வெரல் அசைய மாட்டேங்கு. உள்ள நான் முழிச்சிட்டேன். ஒடம்பு முழிக்கல."

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, தேநீர் கொண்டுவந்த செல்வி ஒரு கதையை எடுத்தார். கல்யாணத்தன்று ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை தூங்கிவிட்டாராம். பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பந்தலில் பேச்சு கிளம்பிவிட்டதாம்.

"எங்க அத்த வந்து இவுக தொடையில நறுக்குன்னு கிள்ளுன பெறகுதான் தாலியே ஏறிச்சு. அந்த வடு இருக்கா பாருங்கன்னு இன்னும் கேக்கேன், காட்ட மாட்டேங்காவ."

கணபதி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் இருக்கும்போது தாடை தொங்கியது. கண்ணிமைகள் சரிந்தன. கையிலிருந்த டம்ளர் நழுவியது. செல்வி என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் அந்த டம்ளரைப் பிடித்துத் தரையில் வைத்துவிட்டு, இன்னொரு கையால் அவர் தோளைச் சுவரோடு சாய்த்தார். சில நொடிகளில் அவர் நிமிர்ந்தார். மன்னிச்சிருங்க மேடம், சிரிச்சா இப்படித்தான் ஆகும் என்றார்.

அதைப் பார்த்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. சில மாதங்களுக்கு முன் வெளிநாட்டு ஆய்வு ஒன்றைப் பற்றி நான் நான்கு பத்தி எழுதியிருந்தேன். அடக்க முடியாத பகல் தூக்கம், சிரித்தால் தளரும் தசைகள், விழித்த பின்னும் அசையாத உடம்பு. மூன்றும் சேர்ந்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. மருத்துவச் செய்தி எழுதுபவர்களுக்கு இது மிகப் பெரிய சபலம். படித்ததை எதிரில் இருப்பவர் மேல் ஒட்டிப் பார்க்கத் தோன்றும். நூறு முறை சரியாக இருந்தாலும் அது நம் வேலை இல்லை. எனக்குத் தெரிந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போகச் சொல்லி, முன்கூட்டிப் பேசியும் வைத்தேன்.

அந்த மருத்துவர் கணபதியை ஓர் இரவும் அடுத்த பகலும் மருத்துவமனையில் வைத்துச் சோதித்தார். பகலில் இடைவெளி விட்டுப் படுக்கச் சொல்லி, எவ்வளவு விரைவில் தூங்குகிறார், எவ்வளவு விரைவில் கனவுத் தூக்கத்துக்குள் போகிறார் என்று பார்த்தார். பிறகு கணபதி அனுமதித்ததால் என்னையும் உட்காரவைத்து விளக்கினார். அவர் சொன்னதை இப்போதும் என்னால் பிசகாமல் சொல்ல முடியும்.

தூக்கம் தீர்ந்து போவதால் நாம் விழிப்பதாக நினைக்கிறோம். அப்படி இல்லை என்றார். விழிப்பது ஒரு வேலை. உடம்பு அதைப் பாடுபட்டுச் செய்கிறது. இருட்டில் சுரக்கும் மெலடோனின் விடியும்போது குறைகிறது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் நாம் கண் திறப்பதற்கு முன்பே கார்டிசோலைக் கூட்டத் தொடங்கிவிடுகின்றன. மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஹிஸ்டமின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் மேல் மூளை முழுவதும் பரவி அதை எழுப்புகின்றன. சளிக்கு மாத்திரை போட்டால் தூக்கம் சொக்குகிறதே, அந்த மாத்திரை ஹிஸ்டமினை அடக்குவதால்தான். இவை எல்லாம் கணபதிக்கு ஒழுங்காக நடக்கின்றன. அதனால்தான் அவரால் விடியலில் எழுந்து தண்ணீர் பிடிக்க முடிகிறது.

"வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறீர்கள் அல்லவா?" என்று கேட்டார். டெல்லியில் அது இல்லாத வீடு கிடையாது. மின்சாரம் வருகிறது, ஃபிரிட்ஜும் நன்றாக இருக்கிறது. ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கும். அதைத் தாங்கி நிறுத்த ஒன்று வேண்டும். விழிப்பை அப்படித் தாங்கி நிறுத்தும் வேதிப்பொருள் ஓரெக்ஸின். அதைச் சுரக்கும் செல்கள் மூளையின் நடுவே ஒரு சிறு இடத்தில் மட்டும் இருக்கின்றன. இந்த நோய் உள்ள பலருக்கு அந்தச் செல்கள் அழிந்துவிட்டன என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் விழிப்பு சொல்லாமல் அணையும். கனவுக்குள் இருக்கும்போது உடம்பை அசையவிடாமல் வைக்கும் பூட்டு தவறான நேரத்தில் விழும். சிரிக்கும்போது விழும். விழித்த பிறகும் சில நிமிடம் திறக்காமல் நிற்கும்.

கணபதியின் மூளையில் ஓரெக்ஸின் இல்லையா என்று கேட்டேன். அதை நேராக அளக்கும் வசதி தன்னிடம் இல்லை என்றும், அறிகுறிகளையும் சோதனையையும் வைத்து அப்படிக் கருதுவதாகவும் சொன்னார். கருதுகிறேன் என்று எழுதுங்கள், தெரியும் என்று எழுதாதீர்கள் என்றார். சான்றிதழை எழுதிக் கணபதி கையில் கொடுத்தார்.

என் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. செய்தி ஆசிரியரிடம் விவரம் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். உலகத்தில் இப்போதுதான் கண்டுபிடித்த ஒன்று, நம் ஊர்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம். அந்தப் பழைய படத்தையே பெரிதாகப் போடலாம். பெயர் வேண்டும், முகம் வேண்டும்.

"அவருக்கும் நல்லதுதானே? ஊரே அவர் பக்கம் திரும்பும்" என்றார். மாலைக்குள் பதில் வேண்டும் என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கும் அதை எழுத ஆசை இருந்தது. அப்படி ஒரு செய்தி ஒரு நிருபருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் கிடைக்கும். சரோஜினி நகருக்குப் போனேன்.

செல்வி எழுதச் சொன்னார். சோம்பேறி என்று போட்ட பேப்பரே நோயாளி என்று போடட்டும், அக்கம்பக்கத்துக்காரர்கள் கண்ணைப் பார்த்துப் பேச முடியும் என்றார். கணபதி வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"மூளையில ஒரு சாமான் இல்லன்னு எழுதுவீங்க. எங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா? மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. அன்ஃபிட்னு ஒரு சீல். தூங்கினேன்னு தண்டிச்சா ஒரு கண்டனத்தோட விட்டாலும் விடுவாங்க. நோயாளின்னா வீட்டுக்குத்தான்."

"அப்ப சர்ட்டிபிகேட்ட என்ன செய்யப் போறிய? பீரோவுல வச்சுப் பூசை பண்ணவா?" என்றார் செல்வி.

"விசாரணையில காட்ட மாட்டேன்."

"அப்ப சோம்பேறின்னே இருந்துக்கிடுதியளா?"

"சம்பளம் வாங்குற சோம்பேறியா இருந்துட்டுப் போறேன்."

இருவரும் சரியாகத்தான் பேசினார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்பது மட்டும் எனக்குக் குழப்பமாக இல்லை. நோய் அவருடையது. ஆனால் எழுதாமல் விடுவதும் ஒரு முடிவுதான். அப்படி விட்டால் படம் சொன்னதே கடைசிச் சொல்லாக நிற்கும். அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதுவரை எல்லோரையும்போல நானும் தூங்குகிறவரையே பார்த்திருந்தேன். இப்போது வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன்.

அவர்களில் ஒருவர்கூடக் கணபதியைப் பார்க்கவில்லை.

உங்கள் முன்னால் ஒரு ஊழியர் தூங்கினால் அவரைத்தான் முறைப்பீர்கள். இந்த முதியவர்கள் எல்லோரும் ஒரே பக்கம், தங்களுக்கு இடப்புறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் கையில் இருந்த தாளை நீட்டிக்கொண்டிருந்தார். கோபத்தில் நீட்டும் கை அல்ல அது. யாரோ வாங்கிக்கொள்ளும்போது நீட்டும் கை. படம் அந்தக் கையோடு முடிந்திருந்தது.

செய்தி ஆசிரியரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு, மறுநாள் காலை அந்த ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். கணபதியின் கவுண்டர் மூடியிருந்தது. அதற்கு இடப்புறக் கவுண்டரில் கமலேஷ் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி இருந்தார். ஹரியாணாக்காரர். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே வேலைக்கு வருபவர். இரண்டு கவுண்டர்களுக்கும் பொதுவாக ஒரே கண்ணாடித் தடுப்பு. நான் யார் என்று சொன்னதும் ஸ்டாம்பை மையில் ஒற்றியபடியே ஹிந்தியில் பேசினார்.

"அச்சா, நீங்கதானா? உங்க பேப்பர்ல என்னை வெட்டிட்டீங்களே ஜி. அன்னைக்கு நல்ல சால்வை போட்டிருந்தேன்."

அவர் மெல்ல மெல்லச் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கணபதி பக்கத்து நாற்காலிக்கு வந்த சில மாதங்களிலேயே கமலேஷுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நோய் என்று பெயர் வைக்கவில்லை. அந்த மனிதர் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார். கணபதி தூங்கும்போது அவருடைய வரிசையைக் கமலேஷ் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். எழுந்ததும் கணபதி கமலேஷுக்கு வராத ஆங்கிலக் கடிதங்களை எழுதிக் கொடுப்பார், கூட்டல் கழித்தல் பார்த்துக் கொடுப்பார். பிரிவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வரும் முதியவர்களுக்கும் தெரியும். கணபதி தூங்கினால் தாங்களாகவே இடப்புறம் நகர்ந்துகொள்வார்கள்.

யாரும் காத்திருக்கவில்லை. படத்துக்குக் கீழே நாங்கள் போட்ட வரி தவறு. கணபதியின் நோயைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் அதைத் திருத்த முடியும்.

ஆனால் திருத்தினால் கமலேஷ் வெளியே தெரிவார். இன்னொருவர் இருக்கைப் பணியை உத்தரவில்லாமல் செய்வது அரசு அலுவலகத்தில் குற்றமாக எடுத்துக்கொள்ளப்படலாம். இதை அவரிடம் தெளிவாகச் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள். நமக்கு உதவுபவருக்கு என்ன நேரக்கூடும் என்பதை, அவர் சம்மதிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். சம்மதித்த பிறகு சொல்வதில் பயனில்லை.

கமலேஷ் அடுத்த முதியவரின் தாளை வாங்கிப் பார்த்து ஸ்டாம்ப் குத்திக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"வேலை செஞ்சேன்னுதானே எழுதப் போறீங்க? எழுதுங்க. கேட்டா, செஞ்சேன்னு சொல்றேன்."

நான் விவரம் சொன்னதும் செய்தி ஆசிரியர் அறைக்குப் புகைப்படக்காரரையும் பக்க வடிவமைப்பு செய்த துணை ஆசிரியரையும் கூப்பிட்டார்கள். தான் அகலமாகத்தான் எடுத்ததாகவும், அதில் அந்த அம்மா இருந்ததாகவும் புகைப்படக்காரர் சொன்னார். இரண்டு பத்திதான் இருந்தது, வெட்டாமல் எப்படிப் போடுவது என்றார் துணை ஆசிரியர். தூங்குகிற ஆளை விட்டுவிட்டு வேலை செய்கிற ஆளை வைக்கவா முடியும் என்றும் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கையாகக் கேட்கவும் இல்லை. எங்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். இடம் போதாதபோது எது செய்தி இல்லையோ அதை வெட்டுவோம். தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒருவர் ஒருநாளும் செய்தி இல்லை.

செய்தி ஆசிரியர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "திருத்தம் போட்டால் நாம் தவறு செய்தோம் என்று ஆகும். முழுப் பக்கக் கட்டுரை போட்டால் நாம் ஒரு நோயைக் கண்டுபிடித்துச் சொன்னோம் என்று ஆகும். நீ எதைக் கேட்கிறாய் என்று யோசித்துத்தான் கேட்கிறாயா?" என்றார்.

"யோசித்துவிட்டேன் சார். கட்டுரை அவருடையது, அவர் தரவில்லை. தவறு நம்முடையது" என்றேன்.

"இரண்டு வாக்கியம். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது" என்றார்.

இரண்டு வாக்கியம் எழுதினேன். வரிசையில் நின்றவர்களின் சான்றுகளைப் பக்கத்துக் கவுண்டர் ஊழியர் அப்போது பெற்றுக்கொண்டிருந்தார் என்பது முதல் வாக்கியம். படம் வெட்டப்பட்டதால் அது தெரியாமல் போனது, அவர்கள் காத்திருந்ததாகக் குறிப்பிட்டது தவறு என்பது இரண்டாவது. உள்பக்கத்தில், வானிலைக்குக் கீழே வந்தது. அந்தப் பத்திரிகையில் நான் எழுதியவற்றில் மிகச் சிறியது அதுதான். அவ்வளவு நேரம் எடுத்து நான் வேறு எதையும் எழுதியதில்லை.

விசாரணையில் கணபதி அந்தத் துண்டைக் கொடுத்தார். தூங்கினீர்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பொதுமக்களைக் காக்கவைத்தார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. தூங்கியதற்கு எழுத்துமூலமான கண்டனம். இடைநீக்கம் நீங்கி அதே கவுண்டருக்குத் திரும்பினார். செல்வி அதிரசம் செய்து அனுப்பியிருந்தார். செய்தி ஆசிரியரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் கமலேஷை மாற்றினார்கள். உத்தரவில் காரணம் எதுவும் இல்லை. நிர்வாக நலன் என்று இருந்தது. யமுனைக்கு அப்பால் ஒரு கிளை அலுவலகம். நடந்து வேலைக்கு வந்தவர் இரண்டு பேருந்து மாற வேண்டும். அவர் என்னிடம் சொல்லவில்லை. வேறு வேலையாக அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது தெரிந்தது. உடனே அவரைத் தேடிப் பேசினேன். பனிமூட்டத்தில் பேருந்து வருவதே தெரிவதில்லை என்றார். கோபம் இல்லை. நீங்கள் முதலிலேயே சொன்னீர்களே என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இதையும் செய்தியாக்கலாமா என்று செய்தி ஆசிரியரிடம் கேட்டேன். ஒரு எழுத்தரின் இடமாற்றம் செய்தி இல்லை என்றார். அதிலும் அவர் சொன்னது சரி.

இரண்டு வாரம் கழித்துக் கணபதி என்னைப் பார்க்க வந்தார். வரவேற்பறையில் உட்கார மறுத்து நின்றபடியே பேசினார். பையில் மருத்துவரின் சான்றிதழ் இருந்தது. அதை அலுவலகத்தில் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கூடவே ஒரு மனுவும் எழுதியிருந்தார். தனக்கு இன்ன நோய் இருக்கிறது, கமலேஷ் செய்தது விதிமீறல் அல்ல, நோயாளி ஒருவருக்கு உதவி. அவரைப் பழைய இடத்துக்கே அனுப்ப வேண்டும் என்று.

மெடிக்கல் போர்டு என்ன செய்யும் என்று அவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார். அதை நினைவூட்டினேன்.

"தெரியும் மேடம்."

"கமலேஷ்ஜி கேட்டாங்களா?"

"கேக்கல. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். கேக்கல, அதான் முடியல."

சொல்லும்போதே அவர் தாடை லேசாக நடுங்குவதைப் பார்த்தேன். சுவரில் கைவைத்துச் சிறிது நேரம் நின்றார். அழவும் சிரிக்கவும் உடம்பு அவரை விட்டதில்லை. அந்தத் தளர்ச்சி தாண்டியதும் நிமிர்ந்து, வர்றேன் மேடம் என்று போனார்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கமலேஷைப் பழைய கவுண்டருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கணபதியை மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார்கள். எங்கள் மருத்துவர் நேரில் போய்ப் பேசினார். பகலில் இருமுறை கால் மணி தூங்க விட்டால் போதும், மாத்திரையும் உதவும் என்றார். குழு அதைக் கேட்டுக்கொண்டது. பணிக்குத் தகுதியற்றவர் என்று எழுதியது. உடல்நலக் காரணத்துக்கான ஓய்வூதியத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கோடை தொடங்குமுன் குடும்பம் திருநெல்வேலிக்குப் போனது. ரயில் ஏற்றிவிடக் கமலேஷ் பூரி கட்டிக்கொண்டு வந்திருந்தாராம். நான் அன்று வெளியூரில் இருந்தேன்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று நீங்கள் கேட்கலாம். நான் எழுதிய திருத்தம் சரியா என்று இத்தனை ஆண்டுகளில் பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். சரி என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. முழுப் பக்கக் கட்டுரையை எழுதாமல் விட்டதும் சரி. அப்படியும் அந்த வீடு காலியானது. சரியாக எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று மட்டும் நம்பாதீர்கள். சரியாக எழுதிய பிறகும் போய்ப் பாருங்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அதற்குப் பத்திரிகை இடம் தராது. இருந்தாலும் கேளுங்கள்.

நோய் அலுவலகக் கோப்பில் ஏறிவிட்ட பின் செய்தி ஆசிரியர் மறுபடி கேட்டார். இனி மறைக்க ஒன்றுமில்லையே, அந்தக் கட்டுரையை எழுதலாமா என்று. கணபதியிடம் கேட்க நான் ஊருக்குத் தொலைபேசி செய்தேன். செல்விதான் எடுத்தார். பக்கத்தில்தான் இருக்கிறார், இப்போதுதான் கண் திறந்தார், கொஞ்சம் பொறுங்கள் என்றார். காத்திருந்தேன். வந்தார். கேள்வியைச் சொன்னேன். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம் என்றேன்.

பெயரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

"எழுதுங்க மேடம். ஆனா தூங்கிட்டான்னு எழுதாதீங்க. முழிக்க முடியலன்னு எழுதுங்க."